‘செத்த காலேஜ்’ தொடங்கிய வெள்ளைக்கார டாக்டர்

காணும் பொங்கல் அன்று குத்தம்பாக்கத்தில் கோழி கூவும் முன்பே வண்டி பூட்டுவார்கள். அது பஸ் வசதி அதிகம் இல்லாத காலம்.

வண்டியில் வைக்கோல் பரப்புவார்கள். அதன் மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். கட்டுச்சோற்று மூட்டை ஏறும். கரும்பு ஏறும். பாட்டி ஏறுவாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள். திருமழிசை தாண்டி, பூந்தமல்லி தாண்டி, வண்டி பட்டணத்தை நோக்கி ஓடும்.

எதற்கு இந்தப் பயணம்?

‘உயிர் காலேஜ்’ பார்க்க வேண்டும். ‘செத்த காலேஜ்’ பார்க்க வேண்டும்!

பூந்தமல்லி நெடுஞ்சாலை நேராக சென்டிரல் ஸ்டேஷன் பக்கம் போய்ச் சேருகிறது. அங்கேதான் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்ற பெரிய பூங்கா இருந்தது. பூங்காவுக்குள் மிருகக்காட்சிச் சாலை. சிங்கம் கர்ஜிக்கும். குரங்கு தாவும். எல்லாம் உயிரோடு இருந்ததால் அதற்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் எழும்பூர் மியூசியம். பாடம் செய்த புலி, எலும்புக்கூடு, பழைய சிலை, பழைய வாள் என்று எல்லாம் உயிர் இல்லாதவை. அதனால் அது ‘செத்த காலேஜ்.’

இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பினால் பட்டணம் பார்த்த கணக்கில் சேராது.

இந்த இரண்டு ‘காலேஜ்’களிலும் வாத்தியார் கிடையாது. பரீட்சை கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உள்ளே போகலாம். பிறகு ‘காலேஜ்’ என்ற பெயர் எப்படி வந்தது?

அதற்கு ஒரு கதை உண்டு. அந்தக் கதையின் நாயகர் ஒரு டாக்டர். இரண்டையும் தொடங்கியவர் அவரேதான்.

அவர் பெயர் எட்வர்டு பால்பர்.

கடலோரச் சிறுவன்

பிரிட்டனின் வடபகுதி ஸ்காட்லாந்து. அங்கே மாண்ட்ரோஸ் என்று ஒரு கடற்கரை ஊர். அந்த ஊரில் 1813-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி பால்பர் பிறந்தார்.

தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். இந்தியாவைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் சாதாரணம்.

தாய்மாமன் ஜோசப் ஹியூம். அவர் பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினர். சர்க்கார் வீண் செலவு செய்தால் எழுந்து நின்று கணக்குக் கேட்பவர். அந்த மாமனின் மகன்தான் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்குவதில் முன்னின்றவர் அவரே.

பால்பர் எடின்பரோ நகரில் அறுவை வைத்தியம் படித்தார். படிப்பு முடிந்தது. 1834-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை.

வழியில் கண்ட காட்சி

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் கப்பல்கள் வர வேண்டும். பயணம் மாதக் கணக்கில் நீளும்.

வழியில் மொரீசியஸ் தீவில் கப்பல் நின்றது.

ஒரு காலத்தில் அந்தத் தீவு முழுவதும் அடர்ந்த காடு. கருங்காலி மரங்கள் ஓங்கி நின்றன. டோடோ என்ற பறக்கத் தெரியாத பறவை அங்கே வாழ்ந்தது. வெள்ளைக்காரர்கள் போய் இறங்கினார்கள். மரங்களை வெட்டினார்கள். பிறகு கரும்பு பயிரிட்டார்கள். டோடோ பறவை அடியோடு அழிந்தது. காடு சுருங்கியது. மண் காய்ந்தது.

இளம் டாக்டர் அதைப் பார்த்தார். மரம் போனால் மழையும் தண்ணீரும் போகும் என்ற எண்ணம் அவர் மனதில் ஊன்றியது. கடைசி வரை அது மாறவில்லை.

சிப்பாய்களின் டாக்டர்

இந்தியா வந்த பால்பர், சென்னை ராணுவத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். படைகள் போன இடமெல்லாம் அவரும் போனார்.

பல வெள்ளைக்காரர்கள் ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளச் சிரமப்படவில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக் காலம் தள்ளினார்கள். பால்பர் அப்படி இல்லை. இந்துஸ்தானி படித்தார். பாரசீகம் படித்தார். நோயாளிகளோடு அவர்கள் மொழியில் பேசினார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எதையும் எண்ணிக் கணக்கு எழுதுவார். எந்த ஊர்ப் பாசறையில் எத்தனை சிப்பாய்கள் நோயில் விழுந்தார்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்? அந்த ஊரின் தண்ணீர் எப்படி, காற்று எப்படி? எல்லாவற்றையும் குறித்து வைத்தார். நோய்க்கு மருந்து கொடுப்பது மட்டும் போதாது. நோய் வரும் காரணத்தையும் தேட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

1849-ல் மரங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மரங்கள் மழையை வரவழைக்கின்றன, மண்ணின் ஈரத்தைக் காக்கின்றன என்று எழுதினார். காடுகளை வெட்டித் தீர்த்தால் பஞ்சம் வரும் என்று சர்க்காரை எச்சரித்தார். 1856-ல் சென்னை மாகாணத்தில் காட்டு இலாகா ஏற்பட்டது. அதற்கு வழி வகுத்தவர்களில் பால்பரும் ஒருவர்.

1850-ல் அவருக்கு ஒரு புதிய வேலை வந்தது. சேப்பாக்கம் அரண்மனையில் கர்நாடக நவாப் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆட்சி கம்பெனியின் கையில் இருந்தது. நவாபுக்குப் பட்டமும் பணமும் மட்டும் மிஞ்சின. அந்த அரண்மனை விவகாரங்களைக் கவனிக்கும் சர்க்கார் ஏஜெண்டாகப் பால்பர் வேலை பார்த்தார்.

பாரசீகம் தெரிந்த டாக்டர் அரண்மனைக்கு நெருக்கமானார். திருவல்லிக்கேணியில் முஸ்லிம்களுக்காக ஒரு பொது நூலகம் ஏற்படவும் முன்னின்றார்.

இந்த நட்பு பின்னால் ஒரு விசித்திரமான வகையில் பயன்பட்டது!

1,100 கற்கள்

சென்னையில் இலக்கியச் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. படித்த வெள்ளைக்காரர்கள் கூடும் இடம் அது. சங்கத்திடம் 1,100 கற்கள் இருந்தன. சாதாரணக் கற்கள் அல்ல. பல ஊர்களில் பொறுக்கிய தாதுக்கற்கள், பாறைத் துண்டுகள்.

இவற்றை வைத்து ஒரு மியூசியம் அமைக்கலாமே என்று 1846-ல் சங்கம் யோசனை சொன்னது. கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் காலத்தில் லண்டனிலிருந்து அனுமதி வந்தது.

கம்பெனி ஏன் சம்மதித்தது? அதற்குச் சொந்தக் கணக்கு இருந்தது. எந்த மலையில் இரும்பு இருக்கிறது? எந்த மண்ணில் பருத்தி விளையும்? எந்த மரம் கப்பல் கட்ட உதவும்? இவை தெரிந்தால் வியாபாரம் பெருகும். இதுவே கம்பெனியின் கணக்கு.

மியூசியத்தைப் பொறுப்பேற்று நடத்த ஓர் ஆள் வேண்டும். பால்பரை நியமித்தார்கள்.

1851-ல் மியூசியம் பிறந்தது. எங்கே தெரியுமா? நுங்கம்பாக்கத்தில், கல்லூரிச் சாலையில். கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்த செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் காலேஜ் அங்கே இருந்தது. டி.பி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் கல்வித் துறை வளாகம் இருக்கும் இடம் அது. அந்தக் காலேஜின் மாடியில் கற்களை அடுக்கினார்கள்.

மியூசியம் என்ற சொல் பொதுமக்களுக்குப் புதிது. காலேஜ் என்பது பழகிய பெயர். காலேஜ் மாடியில் இருந்ததால் மியூசியத்தையும் ‘காலேஜ்’ என்றே அழைத்தார்கள். பின்னால் மியூசியம் வேறு இடம் போனது. பெயர் மட்டும் போகவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டே போனது!

பாரம் தாங்காத மாடி

அதே 1851-ம் ஆண்டு லண்டனில் ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. கண்ணாடியாலேயே மாளிகை கட்டி, உலகப் பொருட்களை எல்லாம் அங்கே வைத்தார்கள். ஏழைத் தொழிலாளிகளும் பார்க்கட்டும் என்று சில நாட்களில் கட்டணத்தை ஒரு ஷில்லிங்காகக் குறைத்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ரயில் ஏறி வந்தார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன.

அறிவு பணக்காரர் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல என்ற எண்ணம் உலகில் பரவத் தொடங்கிய காலம் அது.

பால்பரும் அதே வழியில் நடந்தார். பல ஊர்களில் உள்ள அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் கிடைக்கும் கல், மண், விதை, மரத்துண்டு, சங்கு, சிப்பி, பறவை, பழைய நாணயம் எதுவானாலும் அனுப்புங்கள் என்று கேட்டார்.

மூட்டை மூட்டையாகப் பொருள்கள் வந்து குவிந்தன. சில ஆண்டுகளில் ஆயிரம் பல ஆயிரம் ஆயிற்று. காலேஜ் மாடியில் இடம் போதவில்லை. மாடி பாரம் தாங்காது என்ற பயமும் வந்துவிட்டது.

எழும்பூரில் ‘பாந்தியன்’ என்று ஒரு பழைய கட்டடம் இருந்தது. முன்பு வெள்ளைக்காரர்கள் நடனமும் விருந்தும் நடத்திய இடம் அது. 1821-ல் ஓர் ஆர்மீனிய வியாபாரி அதை வாங்கினார். 1830-ல் சர்க்கார் அவரிடமிருந்து 28 ஆயிரம் ரூபாய்க்குத் திருப்பி வாங்கியது.

1854-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மியூசியம் அந்தக் கட்டடத்துக்குக் குடி போனது. பாந்தியன் சாலை என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

கல்லைப் பார்க்க யார் வருவார்?

இடம் கிடைத்துவிட்டது. பொருள்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

யாருக்காக இந்த மியூசியம்?

படித்த துரைமார்கள் வந்தார்கள். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். குறிப்பு எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது போதும்.

ஆனால் பூந்தமல்லிச் சாலையில் காய்கறி வண்டி ஓட்டி வரும் குடியானவருக்குக் கல்லில் என்ன அதிசயம்? அவர் வயலில் தினமும் கல்லைத்தான் பார்க்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லை வைத்து, பக்கத்தில் இங்கிலீஷில் சீட்டு எழுதி ஒட்டினால் அவருக்கு அது விளங்குமா? அவர் மனைவிக்கு விளங்குமா? குழந்தைக்கு விளங்குமா?

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலம். அவர்களுக்கு மட்டும் என்றால் மியூசியம் காலியாகத்தான் கிடக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. விடை சொன்னவர் ஒரு பண்டிதர் அல்ல.

ஒரு புலிக்குட்டி!

கூட்டம் சேர்த்த புலிக்குட்டி

மியூசியத்துக்கு உயிருள்ள ஒரு புலிக்குட்டி வந்தது. கூடவே ஒரு சிறுத்தையும் வந்தது. இரண்டையும் மியூசியத் தோட்டத்தில் வைத்தார்கள்.

செய்தி பரவியது. எழும்பூரில் புலி இருக்கிறதாம் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். குளத்தங்கரையில் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் வந்தது! குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு அப்பாக்கள் வந்தார்கள். முந்தானையைப் பிடித்தபடி பிள்ளைகள் பின்தொடர, தாய்மார்கள் வந்தார்கள்.

புலியைப் பார்த்தவர்கள் அப்படியே திரும்பவில்லை. கட்டடத்துக்குள்ளும் நுழைந்தார்கள். எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள். சங்கைப் பார்த்தார்கள். யாரும் பார்க்காமல் கிடந்த கற்களையும் பார்த்தார்கள்.

எண்ணிக் கணக்கு எழுதும் பழக்கம் பால்பருக்கு உண்டு அல்லவா? உயிருள்ள மிருகம் வந்த பிறகு பார்வையாளர் தொகை பெருகுவதைக் கவனித்தார். உயிர்ப் பிராணிகளைச் சேர்ப்பதில் தீவிரமாக இறங்கினார்.

சேப்பாக்கம் நட்பு இப்போது கை கொடுத்தது. நவாபிடம் சொந்தமாக மிருகங்கள் இருந்தன. பால்பர் கேட்டார். நவாப் கொடுத்தார். அரண்மனை மிருகங்கள் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. அதுவரை அவை நவாபும் அவருடைய விருந்தாளிகளும் மட்டும் பார்த்து ரசித்தவை. இப்போது வண்டிக்காரர் மகனும் பார்த்தான்.

1855-ல் இப்படித்தான் சென்னை மிருகக்காட்சிச் சாலை தொடங்கியது. இந்தியாவிலேயே முதலில் ஏற்பட்ட பொது மிருகக்காட்சிச் சாலைகளில் இது ஒன்று. ஓர் ஆண்டுக்குள் மிருகங்களும் பறவைகளும் பாம்பு முதலியவையுமாக 300-க்கும் மேல் சேர்ந்துவிட்டன.

அதே 1855-ல் சென்னையில் பெரிய கண்காட்சி ஒன்றும் நடந்தது. மாகாணத்தில் விளையும் பொருள்களையும் கைத்தொழில் பொருள்களையும் ஒரே இடத்தில் மக்கள் பார்த்தார்கள்.

கம்பெனியின் கணக்கு இரும்பும் பருத்தியும். பால்பரின் கணக்கு வேறு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே அவருடைய கணக்கு.

இரண்டு காலேஜ்கள்

மிருகங்கள் பெருகின. மியூசியத் தோட்டம் சிறியதாகிவிட்டது. கூண்டுகளுக்கு இடம் இல்லை.

பீப்பிள்ஸ் பார்க் என்ற பொதுப் பூங்காவில் தாராளமாக இடம் இருந்தது. 1863-ல் மிருகங்கள் அங்கே போயின. சென்னை நகரசபை அவற்றைப் பொறுப்பேற்றது.

ஒரு காலேஜ் இரண்டு காலேஜ் ஆயிற்று. உயிருள்ளவை ஒரு பக்கம். உயிரற்றவை ஒரு பக்கம். பெயர் வைப்பதில் நம் மக்களுக்கு நிகர் யார்? ஒன்று ‘உயிர் காலேஜ்.’ மற்றது ‘செத்த காலேஜ்.’

எடுத்தது எல்லாம் கைகூடவில்லை

பால்பர் தொட்டது எல்லாம் வெற்றி பெற்றது என்று நினைக்க வேண்டாம்.

பட்டணத்து மக்கள் மட்டும் பார்த்தால் போதுமா என்ற எண்ணம் எழுந்தது. மாவட்ட ஊர்களிலும் சிறிய மியூசியங்கள் ஏற்பட்டன. கோயமுத்தூர், கடலூர், உதகமண்டலம், பெல்லாரி முதலிய ஊர்களில் தொடங்கினார்கள்.

நல்ல எண்ணந்தான். ஆனால் நடத்த ஆள் இல்லை. பணம் இல்லை. 1861-ல் அவற்றை மூடிவிட்டார்கள். பால்பர் அப்போது மியூசியத்தின் தலைவராக இல்லை. 1859-லேயே அந்தப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

அதே 1859-ல் இன்னொன்றும் நடந்தது. ஆந்திர நாட்டு அமராவதியில் கிடைத்த அருமையான புத்தச் சிற்பங்கள் சென்னைக்கு வந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதியைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். சென்னை மக்கள் பார்க்க வேண்டிய செல்வம் கடல் கடந்து போனது. பின்னால் கிடைத்த அமராவதிச் சிற்பங்களை எழும்பூரில் இன்றும் பார்க்கலாம்.

கட்டடத்தை விட்டு விலகினாலும் பால்பர் காரியத்தை விடவில்லை. 1866-ல் பெங்களூரிலும் ஒரு மியூசியம் உருவாகப் பாடுபட்டார். கப்பன் பூங்கா ஓரத்தில் உள்ள அரசு மியூசியம் அதுதான்.

புத்தக வடிவிலும் ஒரு மியூசியம் செய்தார். 1857-ல் ‘இந்தியக் கலைக்களஞ்சியம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். இந்தியாவின் மரம், செடி, மிருகம், தொழில், சாதி, மொழி என்று அதில் இல்லாத விஷயம் குறைவு. அதைத் திருத்தித் திருத்தி விரிவாக்கினார். மூன்றாம் பதிப்பு 1885-ல் வெளிவந்தபோது அவருக்கு 71 வயது.

இங்கிலீஷ் தெரியாதவர்களையும் அவர் மறக்கவில்லை. வான சாஸ்திர நூல் ஒன்றை இந்துஸ்தானியில் வெளியிட்டார். உலக நாடுகளின் விவரங்கள் அடங்கிய படத்தைத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் தயாரித்தார்.

மூடிய கதவு

பால்பர் திறந்த கதவுகளில் பெரியது மியூசியக் கதவு அல்ல. அது பின்னால் வந்தது.

ராணுவ டாக்டராக ஊர் ஊராகச் சுற்றிய காலத்திலேயே அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். இந்த நாட்டில் ஆண் டாக்டரைப் பெண்கள் நெருங்குவதில்லை. வீட்டின் உள்ளே பெண் வலியால் துடிப்பாள். டாக்டர் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போக முடியாது. பிரசவத்தில் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

முதலில் புத்தகத்தால் உதவப் பார்த்தார். பிரசவ வைத்தியம் பற்றிய ஓர் இங்கிலீஷ் நூலை அவரே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளிலும் பெயர்க்கச் செய்தார். அச்சுச் செலவு முழுவதும் அவருடைய சொந்தப் பணம்.

ஆனால் புத்தகம் நாடி பிடித்துப் பார்க்குமா? டாக்டர் வேண்டும். அதுவும் பெண் டாக்டர் வேண்டும்.

1871-ல் சென்னை மாகாண வைத்திய இலாகாவின் தலைவராகப் பால்பர் உயர்ந்தார். மறு ஆண்டே சர்க்காருக்கு எழுதினார். பெண்களை வைத்தியக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அப்போது லண்டனில்கூடப் பெண்கள் டாக்டர் படிப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். எடின்பரோவில் வைத்தியம் படிக்க வந்த பெண்களை மாணவர்கள் கூட்டமாக வழிமறித்துக் கலகம் செய்தார்கள். பால்பர் படித்த அதே ஊர்!

அங்கே மூடிய கதவைச் சென்னையில் திறக்க வேண்டும் என்றார் பால்பர். எதிர்ப்பும் இருந்தது, தயக்கமும் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஆயின.

1875-ல் கதவு திறந்தது. சென்னை வைத்தியக் கல்லூரியில் 4 பெண்கள் சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் இருந்த ஒரு வெள்ளைக்கார பாரிஸ்டரின் மனைவி. இங்கே படித்த பிறகு லண்டன் சென்று மேல்படிப்பும் முடித்தார். திரும்பி வந்து, பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட 1885-ல் முன்னின்றார். அதுதான் பின்னால் திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று பெயர் பெற்றது. இப்போது அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் கணக்கு உண்டா?

அதே கல்லூரியில் பின்னாளில் புதுக்கோட்டைப் பெண் ஒருவர் படித்தார். 1912-ல் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

விடை பெற்றார்

1876-ல் பால்பர் ஓய்வு பெற்றார். இளம் வயதில் வந்தவர் 62 வயதில் திரும்பினார். இந்த நாட்டில் அவர் கழித்தது ஏறக்குறைய 42 ஆண்டுகள்.

இந்துக்கள், முஸ்லிம்கள், ஐரோப்பியர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு வழியனுப்பு உபசாரம் செய்தார்கள். அவருடைய உருவப்படத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. அவர் வளர்த்த மியூசியத்திலேயே வைத்தார்கள்.

1889-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி லண்டனில் பால்பர் காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

அவர் நினைவாகச் சென்னைப் பல்கலைக் கழகம் 1891-ல் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தியது. அது யாருக்கு? வைத்தியம் படிக்கும் பெண்களுக்கு!

இன்றும் போகிறார்கள்

உயிர் காலேஜ் இப்போது பழைய இடத்தில் இல்லை. நகரம் நெருக்கமானதால் வண்டலூருக்குப் போய்விட்டது. 1985-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். அறிஞர் அண்ணா பெயரைத் தாங்கி, காட்டுக்கு நடுவே விரிந்து கிடக்கிறது.

செத்த காலேஜ் எழும்பூரிலேயே இருக்கிறது. 1,100 கற்களில் தொடங்கியது இன்று பல கட்டடங்களாக வளர்ந்து நிற்கிறது. திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. சோழர் காலச் செப்புச் சிலைகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது.

குத்தம்பாக்கத்தில் இப்போது யாரும் வண்டி பூட்டுவதில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் பஸ்களும் லாரிகளும் பறக்கின்றன. ஆனாலும் காணும் பொங்கல் வந்தால் சோற்று டப்பாவோடு குடும்பங்கள் கிளம்பத்தான் செய்கின்றன.

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிகள் சில உயரமாக இருக்கும். சிறு பிள்ளைக்கு எட்டாது. அப்பா தூக்கிக் காட்டுவார். பள்ளிக்கூடம் போகும் பேத்தி சீட்டில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படிக்கத் தெரியாத பாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த மூவருக்காகத்தான் பால்பர் அன்று ஒரு புலிக்குட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.